நான்கு சந்தன நிறமும் அம்மாவின் இரண்டு கண்ணும்

அம்மாவின் அறைக்குச் சந்தன நிறம்தான் என்பது பேச்சு தொடங்கியபோதே முடிவாகிவிட்டது. அம்மாவே கேட்டது. எந்தச் சந்தனம் என்பதில்தான் சிக்கல். கடை ஷேட் கார்டில் அந்த ஒரு நிறத்துக்கே பக்கம் பக்கமாகக் கட்டங்கள். கழித்துக் கழித்து நான்கில் வந்து நின்றோம். கடை வெளிச்சத்தில் நான்கும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன. “எதை அடிச்சாலும் காஞ்சா ஒண்ணுதான்க்கா” என்றார் பெயிண்டர் அண்ணன். வேலையில் அவ்வளவு சுத்தம் பார்க்கிறவர். ஆனாலும் இந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடையில் நிறம் கலந்து தருகிற டின்டிங் மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், காரணம் தெரியும். வெள்ளை பேஸில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு என்று துளித்துளியாக விழுகிறது. சந்தன நிறங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் விளையாட்டுதான். சிவப்பு கொஞ்சம் ஏறினால் ரோஸ் அடிக்கும். மஞ்சளோடு கறுப்பு ஏறினால் பச்சை அடிக்கும். மஞ்சள் மட்டும் தூக்கலாக இருந்தால் வெண்ணெய் நிறத்துக்குப் போய்விடும். தனிக் கட்டமாகப் பார்த்தால் இது பிடிபடாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அல்லது ஷேட் கார்டில் அதே பட்டையில் இருக்கிற ஆக அடர்த்தியான கட்டத்தைப் பாருங்கள். வெளிர் நிறம் ஒளித்து வைத்திருப்பதை அடர் நிறம் சொல்லிவிடும். எங்கள் நான்கில் ஒன்றாம் எண் ரோஸ், இரண்டு மஞ்சள், மூன்று லேசான பச்சை, நான்கு சாம்பல்.

சாம்பிள் டப்பா வாங்கி, நேராகச் சுவரில் அடிக்காமல் பெரிய சார்ட் அட்டைகளில் இரண்டு கோட் அடித்துக் காய வைத்தேன். எமல்ஷன் காய்ந்தால் ஒரு மாற்று அடர்த்தியாகும், ஈரத்தில் பார்த்து எதையும் சொல்லக் கூடாது. சுவரில் அடிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. பழைய சுவர் பிஸ்தா பச்சை. பச்சைக்கு நடுவில் எந்தச் சந்தனத்தை வைத்தாலும் ரோஸாகத்தான் தெரியும். பாரிஸ் கோப்லின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்ததாம். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து 1839ல் விரிவாக எழுதினார். அதனால் அட்டையைச் சுற்றி வெள்ளை விளிம்பு விட்டேன். பழைய பச்சை கண்ணைக் குழப்பாது.

இனி அறை. மதுரையில் எங்கள் வீடு பழைய வீடு. அம்மாவின் அறையில் இன்னும் ரெட் ஆக்சைடு தரைதான், அதை மாற்ற நான் விடமாட்டேன். ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெளியே வேப்பமரம். வடக்கு அறைக்கு நீல வெளிச்சம்தான் வரும், அதனால் மஞ்சள் தூக்கலான நிறம் அடியுங்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்குச் சூரியன் உச்சியிலேயே நிற்கிறது. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியனே வடக்குப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் சாயங்காலமும் வடக்கு ஜன்னலில் சாய்வெயில் விழும். மார்கழியில் ஒரு பொட்டு வெயில் வராது. ஒரே சுவர் வருஷத்துக்கு இரண்டு நிறம் காட்டும்.

அதைவிடப் பெரிய ஆள் தரை. ஒன்றாம் எண் அட்டையைச் சுவரோடு தரை வரை இறக்கினேன். சிவப்புத் தரையில் பட்ட வெளிச்சம் அட்டையில் ஏறி, கீழ்ப்பாதி முழுக்க ரோஸ். அதே இடத்தில் மூன்றாம் எண்ணை வைத்தபோது, அதிலிருந்த பச்சையும் தரையின் சிவப்பும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு, நாங்கள் தேடிய சந்தனமாக அமைதியாக நின்றது. கடையில் நான் கையில்கூட எடுக்காத நிறம் அது.

இவ்வளவு பார்த்த பிறகும் அம்மா, “ஏண்டி, நாலும் ஒண்ணாத்தானடி இருக்கு” என்றாள். அப்போதுதான் கண் விஷயம் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, இடது கண் பாக்கி. புரை விழுந்த லென்ஸ் மஞ்சளித்துப் போய் நீல ஒளியைத் தடுத்துவிடும். எல்லாமே ஒரு மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னேன். இடது கண்ணில் நாலும் ஒன்று. வலது கண்ணில் பார்த்ததும், “அட, இது ரோசு. இது மஞ்ச. இது என்னடி, சாம்பலாப் போச்சு!” என்று அட்டைகளை அவளே மாற்றி மாற்றி அடுக்கினாள். மூன்றாம் எண்ணைத் தனியே எடுத்து வைத்தாள். நான் தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

வயதானவர்களின் அறைக்கு நிறம் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நம் கண்ணுக்கு அழகாக இருப்பது அவர்களுக்கு அப்படியே தெரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. சுவர், கதவு நிலை, சுவிட்ச் போர்டு எல்லாம் ஒரே வெளிர் நிறத்தில் இழைந்தால் பத்திரிகையில் பார்க்க நன்றாக இருக்கும், ராத்திரி எழுந்து தடவுகிறவருக்குக் கஷ்டம். நிலைக்கு அடர் பழுப்பு பாலிஷ் போடுகிறோம், சுவிட்ச் போர்டைச் சுற்றியும் அடர் நிறத்தில் ஒரு சட்டம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், கைத்தடம் துடைத்தால் போக வேண்டும். அதனால் முழு மேட் வேண்டாம், லேசான மினுமினுப்புள்ள கழுவத்தக்க வகை. மினுமினுப்பு அதிகமானால் சுவரின் மேடுபள்ளம் காட்டிக்கொடுக்கும், அதனால் பட்டி பார்க்கிற வேலையில் நேரத்தைக் குறைக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

விளக்கையும் மாற்றியாகிவிட்டது. விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் கெல்வின் எண் ஏறினால் வெளிச்சம் நீலம் அடிக்கும், இறங்கினால் மஞ்சள் அடிக்கும். பழைய 6500 கெல்வின் டியூப் லைட்டில் நான்காம் எண் சிமென்ட் பூசிய சுவராகத் தெரிந்தது, மூன்றாம் எண்ணும் கொஞ்சம் வெளிறியது. 3000 கெல்வினில் எல்லாமே வெண்ணெய்ப் பக்கம் சாய்ந்தன. பேப்பர் படிக்கவும் வேண்டும் என்பதால் 4000 கெல்வின், அதிலும் பெட்டியில் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்கிற அளவு, 90க்கு மேல் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கினேன். விளக்கை முடிவு செய்யாமல் நிறத்தை முடிவு செய்வதில் அர்த்தமில்லை.

பெயிண்ட் மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிட்டோம். டப்பாக்களுக்குள் துளி வித்தியாசம் இருந்தாலும் தெரியாமலிருக்க, எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கலந்துதான் அடிப்பேன் என்று அண்ணனே சொன்னார். மூடியில் ஒட்டியிருந்த ஃபார்முலா ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் பட்டி தேய்ப்பு. அந்தத் தூசியெல்லாம் அடங்கி, வாடை போய், அறையைக் கழுவித் துடைத்த பிறகுதான் இடது கண் ஆபரேஷனுக்குத் தேதி கேட்கப் போகிறோம்.