கிளப் நொடித்தால் முதலில் யாருக்குப் பணம்?

2010 மார்ச் மாதம், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மத் கால்பந்து கிளப்பில் 85 பேர் வேலையிழந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஆட்டக்காரர் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 2008 மே மாதம், கானு அடித்த ஒரே கோலில் கார்டிஃப் சிட்டியை வென்று அந்தக் கிளப் எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியிருந்தது. சுமார் இருபதாயிரம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஃப்ராட்டன் பார்க் மைதானத்தை நம்பியிருக்கும் ஒரு கிளப், அந்தக் கோப்பைக்கான அணியைத் தன் சொந்த வருமானத்தில் கட்டவில்லை. உரிமையாளராக இருந்த அலெக்சாந்தர் கைதமாக் தந்த பணத்திலும் கடனிலும் கட்டியது. அவருடைய பணம் நின்றதும் எல்லாம் நின்றுபோனது. 2009-10 பருவத்தில் மட்டும் கிளப் நான்கு உரிமையாளர்களைக் கண்டது. ஆட்டக்காரர்களின் சம்பளம் மீண்டும் மீண்டும் தாமதமானது. கடைசியில் 2010 பிப்ரவரி 26 அன்று, இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீகில் ஆடிக்கொண்டிருக்கும்போதே, நொடித்த நிறுவனத்தை நடத்த நியமிக்கப்படும் திவால் நிர்வாகியின் கையில் ஒப்படைக்கப்பட்ட முதல் கிளப் என்ற அவப்பெயர் போர்ட்ஸ்மத்துக்கு வந்து சேர்ந்தது. கடன் சுமார் 12 கோடி பவுண்டு என்று அப்போது சொல்லப்பட்டது. தண்டனையாக ஒன்பது புள்ளிகள் பறிபோயின, அந்தப் பருவத்திலேயே அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

இப்படி ஒரு கிளப் நொடிக்கும்போது ஆட்டக்காரர்களின் பெருஞ்சம்பளம் அப்படியே இருக்க, எழுத்தர்களும் பணியாளர்களும் ஏன் முதலில் வெளியேற்றப்படுகிறார்கள் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆட்டக்காரர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டவர். மூன்று ஆண்டு மீதமிருக்கும் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் அந்த மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கும் கிளப் பதில் சொல்ல வேண்டும். அதோடு, அவருடைய பதிவுரிமைதான், அதாவது அவரைத் தன் அணியில் ஆடவைக்கும் உரிமைதான், கிளப்பிடம் இருக்கும் விற்கத்தக்க சொத்து. அவரை வெளியே விட்டால் சொத்தும் போய்விடும். ஆகவே செலவைக் குறைக்க வரும் நிர்வாகி, எளிதாக வெட்டக்கூடிய இடத்தில் வெட்டுகிறார். டிக்கெட் பிரிவிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களின் சம்பளத்தை எல்லாம் கூட்டினாலும் மொத்தச் சம்பளச் செலவில் அது ஒரு சிறு பங்குதான். அந்த வெட்டால் கிளப் பிழைக்கப்போவதில்லை. ஆனால் 85 குடும்பங்களின் மாதச் செலவு அன்றோடு கேள்விக்குறியாகிவிடுகிறது.

இதைவிடவும் என்னை உறுத்தியது, பிறகு வெளியான கடன்காரர்களின் பட்டியல், அதாவது கிளப் பணம் தர வேண்டியிருந்தவர்களின் பட்டியல். பிற கிளப்புகளுக்கும் வரித்துறைக்கும் தர வேண்டிய பெருந்தொகைகளுக்கு நடுவே, ஆட்ட நாட்களில் முதலுதவி செய்ய வரும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பின் பெயரும், உள்ளூர்ச் சாரணர் குழு ஒன்றின் பெயரும் அதில் இருந்தன. பிள்ளைகள் கூடும் ஒரு சாரணர் குழுவுக்குத் தர வேண்டிய சொற்பத் தொகையைக்கூட, ஒரு பிரீமியர் லீக் கிளப் பாக்கி வைத்திருந்தது. சொத்து எதையும் ஈடாகப் பெறாத பிணையில்லாக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு 20 பென்ஸ் தருவதாக ஓர் உடன்படிக்கை வந்தது; வரித்துறை எதிர்த்தும் பெரும்பான்மை வாக்கில் அது நிறைவேறியது. அதாவது ஐந்தில் ஒரு பங்குதான், அதுவும் வாக்குறுதியாக. ஆனால் பிற கிளப்புகளிடமிருந்து ஆட்டக்காரரை வாங்கியதற்கான மாற்றுத் தொகை பாக்கியும் ஆட்டக்காரர்களின் சம்பள நிலுவையும் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் வரவில்லை. அவற்றை முழுமையாகத் தீர்த்தாக வேண்டும்.

இதற்குக் காரணம் "கால்பந்துக் கடன்காரர் விதி" என்று அங்கே அழைக்கப்படும் ஒரு லீக் விதி. நாட்டின் சட்டம் இந்த முன்னுரிமையைத் தரவில்லை. உறுப்பினர் உரிமையை லீக் தன் கையில் வைத்திருக்கிறது. நொடித்த கிளப்பை வாங்க வருபவர் அந்த உரிமை தனக்கு மாற்றப்பட வேண்டுமென்றால், முதலில் கால்பந்து உலகத்துக்குள் இருப்பவர்களின் பாக்கியை முழுமையாகத் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் ஆடப் போட்டி கிடையாது; போட்டி இல்லாத கிளப்பை யாரும் வாங்க மாட்டார்கள். லீக் சொல்லும் நியாயம் இதுதான்: ஒரு கிளப், ஆட்டக்காரரை வாங்கிவிட்டு அதற்கான பணத்தைத் தராமல், அவரையே வைத்து விற்ற கிளப்பை வென்றால் போட்டியின் நேர்மை குலையும், ஒரு கிளப்பின் வீழ்ச்சி மற்ற கிளப்புகளையும் சரம்சரமாக இழுத்துக்கொண்டு போகும்.

இந்த நியாயத்தில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதிதான் நோயை வளர்க்கிறது என்பது என் உறுதியான கருத்து. கணக்கு வேலையில் இருப்பவன் என்ற முறையில், கடன் கொடுப்பவர்களின் பயம்தான் ஒரு தொழிலை நெறிப்படுத்துகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சரக்குக் கொடுக்கும் வியாபாரி, வாங்குபவன் சம்பளம் போடவே திணறுகிறான் என்று கேள்விப்பட்டால் முன்பணம் கேட்பார், அல்லது சரக்கை நிறுத்துவார். கால்பந்தில் இந்தத் தடை வேலை செய்வதில்லை. தள்ளாடும் கிளப்புக்குத் தவணை முறையில் ஆட்டக்காரரை விற்கும் மற்றொரு கிளப், வாங்குபவர் நொடித்தாலும் தனக்கு முழுப் பணம் வந்துவிடும் என்று தெரிந்தே விற்கிறது. ஆட்டக்காரரின் முகவரும் அதே நம்பிக்கையில் சம்பளத்தைப் பேசுகிறார். வாங்கும் கிளப்பின் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவை இருவருக்கும் இல்லை. சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதற்கான காரணங்களில் தொலைக்காட்சிப் பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்தப் பயமின்மையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இங்கிலாந்து வரித்துறை இந்த விதியை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடியது. 2012 மே மாதம் நீதிபதி டேவிட் ரிச்சர்ட்ஸ் லீகுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆனால் இந்தத் தீர்ப்பைத் தன் அணுகுமுறைக்குக் கிடைத்த ஒப்புதலாக லீக் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பொருளில் எச்சரிக்கவும் செய்தார். திவால் வழக்குகளில் வரித்துறைக்கு இருந்த முன்னுரிமை 2003-இல் நீக்கப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில் அதன் ஒரு பகுதி திரும்பி வந்தது. அரசு தன் பங்குக்கு ஒரு வழி கண்டுகொண்டது. சாரணர் குழுவும் அச்சகமும் உணவு வழங்குபவரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். பிற்பாடு லீக், பிணையில்லாக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்குக் குறைந்தது 25 பென்ஸ் தராத கிளப்புக்கு மேலும் புள்ளிகள் குறைக்கப்படும் என்று விதி செய்தது. இது முன்னேற்றம்தான் என்றாலும் முக்கால் பங்கை இழப்பவருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை.

போர்ட்ஸ்மத்தை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. பிரீமியர் லீகுக்கு அடுத்த படியான சாம்பியன்ஷிப் பிரிவைப் பாருங்கள். டெலாய்ட் நிறுவனம் தொகுத்த கணக்கின்படி, 2018-19 பருவத்தில் அந்தப் பிரிவின் கிளப்புகள் ஈட்டிய ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் சம்பளமாக மட்டும் 107 பவுண்டு கொடுத்தன. கொரோனாவால் மைதானங்கள் பூட்டிக் கிடந்த 2020-21-இல் அது 125 ஆனது. முதலில் சொன்ன எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது நோய்த்தொற்றுக்கு முந்தைய, சாதாரணமான ஓர் ஆண்டின் எண். மின்கட்டணம், பயணம், மைதானப் பராமரிப்பு எதுவும் அதில் சேரவில்லை. பிரீமியர் லீகுக்கு ஏறிவிட்டால் கோடிக்கணக்கில் தொலைக்காட்சிப் பணம் வரும் என்ற ஒரே எதிர்பார்ப்பில் 24 கிளப்புகள் செலவு செய்கின்றன. ஏறுவதோ மூன்றே கிளப்புகள். மேலிருந்து இறங்கி வரும் கிளப்புகளுக்கு மூன்று ஆண்டுகள் வரை பாராசூட் தொகை என்ற பெயரில் உதவிப் பணம் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் அவர்களோடு போட்டியிட உரிமையாளரின் சட்டைப் பையைத்தான் நம்ப வேண்டும்.

டெர்பி கவுன்டி அப்படித்தான் சிக்கியது. அதன் உரிமையாளர் மெல் மாரிஸ், 2018-இல் பிரைட் பார்க் மைதானத்தைத் தன்னுடைய வேறொரு நிறுவனத்துக்கே 8.1 கோடி பவுண்டுக்கு விற்றார். விற்றவரும் அவர், வாங்கியவரும் அவர். அந்த விற்பனையால் கிளப்பின் கணக்கில் 1.46 கோடி பவுண்டு லாபம் தெரிந்தது. அது இல்லாவிட்டால் அந்த ஆண்டு பெரும் நஷ்டம்தான். ஆட்டக்காரரை வாங்கிய தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துத் தேய்மானம் எழுதுவது வழக்கம். டெர்பியோ ஒப்பந்த முடிவிலும் அவர்களுக்கு ஒரு மதிப்பு மிஞ்சும் என்று வைத்துக்கொண்டு, செலவைப் பின்னுக்குத் தள்ளியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் எந்தத் தொகையும் தராமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்பது 1995-இன் போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, அந்த மிச்ச மதிப்பு எங்கிருந்து வரும்? 2021 செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதற்காக 12 புள்ளிகள், கணக்கு முறைக்காக 9 புள்ளிகள், ஆக 21 புள்ளிகள் குறைந்தன. வெய்ன் ரூனியின் பயிற்சியில் அந்த இளம் அணி எவ்வளவோ போராடியும் கீழே இறங்குவதைத் தடுக்க முடியவில்லை.

இன்னும் கீழே போனால் நிலைமை இன்னும் கொடியது. பரி கிளப் 1885-இல் தொடங்கியது. 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சம்பளம் வராமலே ஆடிய அதன் ஆட்டக்காரர்கள் 2019 வசந்தத்தில் அணியை மேற்பிரிவுக்கு உயர்த்தினார்கள். அதே நாட்களில் அருகிலிருந்த போல்டன் வாண்டரர்ஸ் கிளப்பில், சம்பளம் கிடைக்காத ஊழியர்களுக்காக மைதானத்திலேயே உணவு வங்கி திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 27 அன்று பரிக்கு ஒரு வாங்குபவர் வந்துவிட்டார் என்ற நம்பிக்கையில், ரசிகர்கள் துடைப்பமும் குப்பைப் பைகளுமாகத் திரண்டு வந்து கிக் லேன் மைதானத்தின் இருக்கைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வாங்குபவர் பின்வாங்கினார். அன்றிரவே 125 ஆண்டு உறுப்பினரான பரி, லீகிலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஊர் அதற்கு என்ன தவறு செய்தது?

ஆட்டக்காரர்களைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரரும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் பெற முடியாதபடி உச்சவரம்பு இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் வரை போகத் துணிந்த பிறகே அது நீங்கியது. ஆயிரக்கணக்கானோர் பணம் கொடுத்துப் பார்க்கும் உழைப்புக்கு உரிய பங்கைக் கேட்பது நியாயம். பரியில் சம்பளமின்றி ஆடியவர்கள் லட்சாதிபதிகளும் அல்லர். வீட்டு வாடகையும் கடன் தவணையும் உள்ள இளைஞர்கள். இல்லாத பணத்தைத் தருவதாகக் கையெழுத்திடுபவர் உரிமையாளர்; பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, கிளப்புகளுக்கு உரிமம் வழங்கி அவற்றின் நிதித் திட்டத்தைக் கேட்டுப் பெறும் சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்புக்கு வழி பிறந்தது. சட்டம் வந்த அதே ஆண்டில், 1867-இல் பிறந்த ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப்பில் பல மாதங்கள் சம்பளம் தாமதமாகி, அக்டோபரில் அதுவும் திவால் நிர்வாகியிடம் போய் 12 புள்ளிகளை இழந்தது. அங்கும் ஹில்ஸ்பரோ மைதானம் சில ஆண்டுகளுக்கு முன்பே உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. புதிய அமைப்பு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் சம்பள ஒப்பந்தங்களில் கிளப்பின் சொந்த வருமானத்தை மீறும் பகுதிக்கான பணத்தை, ஆட்டக்காரர் கையெழுத்திடும் நாளிலேயே உரிமையாளரிடமிருந்து முன்வைப்பாக வாங்கி வைக்க வேண்டும். சம்பள நிலுவைக்கு இப்போதுள்ள பாதுகாப்பு நீடிக்கட்டும். ஆனால் தவணையில் ஆட்டக்காரரை விற்ற கிளப்புகள், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் சாரணர் குழுவும் நிற்கும் அதே வரிசையில், அதே பென்ஸ் கணக்கில் நிற்க வேண்டும்.