ஜவ்வரிசி பால் மாதிரி வெள்ளையாக இருந்தே ஆக வேண்டுமா?

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல் பக்கம் சீசனில் பஸ்ஸில் போனால், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வரும். ஆலைக்காரர்களுக்கு அக்கறையே இல்லை என்று பக்கத்து சீட்டில் யாராவது திட்டுவார்கள். அந்தக் கோபம் நியாயம்தான், ஆனால் இந்தத் தொழில் பசுமையாக மாறாமல் இருப்பதற்கு என் பார்வையில் முதல் காரணம் வாங்குகிறவர்கள் கேட்கும் நிறம்.

ஜவ்வரிசி எடுக்கிற குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பிடுங்கி ஓரிரண்டு நாள் போனாலே உள்ளே கருநீலக் கோடு ஓட ஆரம்பித்துவிடும். வெட்ட ஆள் கிடைக்காமல், லாரி கிடைக்காமல், அப்புறம் ஆலை வாசலில் வரிசையில் வெயிலில் நின்று உள்ளே போகிற கிழங்கில் மாவு மங்கலாகத்தான் வரும். தோலைச் சுத்தமாக உரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே அரைத்தால் இயற்கையாகவே ஓரளவு வெளுப்பு கிடைக்கும். அதற்கு ஆள் கூலி, மெஷின், நேரம் எல்லாம் வேண்டும். தோலோடு அரைத்துவிட்டுப் பிறகு ரசாயனத்தில் வெளுத்துக்கொள்வது மலிவு. அப்படி வெளுத்த மாவைத் திரும்பத் திரும்ப அலச வேண்டும், அலசின தண்ணீர் அவ்வளவும் கழிவாகத்தான் வெளியே போகும்.

ரசாயனம் போடாத ஜவ்வரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தால் லேசாகப் பழுப்பேறிய பாலாடை நிறம், மணி கொஞ்சம் மங்கல். வெளுத்ததைப் பக்கத்தில் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி பளீரென்று இருக்கும். நம் சரக்கில் பெரும்பகுதி மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம் என்று விரதச் சாப்பாட்டுக்குத்தான் போகிறது, அங்கே வெள்ளைதான் சுத்தம். தெரிந்த ஆலைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், ஏன் ஐயா மருந்து போடாமல் ஓட்டக் கூடாது என்று. "ஓட்டலாம் கண்ணு, மூட்டைக்கு விலை குறைச்சுக் கேப்பாங்களே, அந்த நஷ்டத்தை யாரு குடுப்பாங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

கழிவுநீரில் எரிவாயு எடுத்து ஜெனரேட்டர் ஓட்டும் ஆலைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன, அது நடக்காத காரியம் இல்லை. ஆனால் வருஷத்தில் சில மாதம் மட்டும் ஓடுகிற சின்ன ஆலைக்கு அந்த முதலீடு பெரிய சுமை. விவசாயிக்கும் இதே கதைதான். ஆலையில் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் பார்த்துத்தான் காசு. சொட்டுநீர் போட்டேன், உரத்தைக் குறைத்தேன் என்று சொன்னால் ஒரு ரூபாய் கூடுதலாக வராது.

ஆனால் நல்ல முறையை யாரும் ஏற்கவே மாட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. 2020ல் கேரளாவில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி அடுத்து சேலம், நாமக்கல் தோட்டங்களை நாசம் பண்ணியது. ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவந்த அனகைரஸ் லோபெஸி என்ற, அந்தப் பூச்சியை அழிக்கிற சின்னக் குளவியை 2022ல் இங்கே விட்டார்கள், ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமும் அதில் இருந்தது. விவசாயிகள் தயங்கவில்லை. குளவியை விடுவதால் யாருக்கும் விலை குறையவில்லை, பூச்சிமருந்துச் செலவுதான் மிச்சம்.

அதனால் ஆலைக்கு நோட்டீஸ் அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டால் போதாது. 1981ல் இருந்து நம்மிடம் சேகோசர்வ் என்ற ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவு அமைப்பு இருக்கிறது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ரசாயனம் இல்லாத சரக்கைப் பரிசோதித்து, தனியாக ஏலம் விட்டு, இதுதான் அசல் நிறம் என்று வடக்கே இருக்கும் வியாபாரிக்கு இந்தியிலும் மராத்தியிலும் மூட்டை மேலேயே அச்சடித்து அனுப்பலாமே. முதல் ஒன்றிரண்டு சீசனுக்கு விலை வித்தியாசத்தை அரசு ஏற்றுக்கொண்டால் சின்ன ஆலைகளும் துணிந்து வரும்.