ட்வீட் டீலக்ஸ் ஆம்பில் சும்மா இருக்கும் குமிழ்

சின்னப் பட்டறைகளில் கையால் கட்டி விற்கும் கிட்டார் ஆம்ப்கள் (ஆம்ப்ளிஃபயர்கள்) பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே மூதாதை: ஃபெண்டர் கம்பெனி 1955 முதல் 1960 வரை ட்வீட் துணி ஒட்டிச் செய்த டீலக்ஸ், சர்க்யூட் எண் 5இ3. ஐந்து என்பது ஐம்பதுகள், இ என்பது சர்க்யூட்டைத் திருத்திய வரிசை, மூன்று என்பது டீலக்ஸ் மாடல். உள்ளே வால்வுகள்: ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6, முன்வரிசையில் ஒரு 12ஏஒய்7, அடுத்து ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயராக ஒரு 5ஒய்3. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. எல்லாம் சேர்ந்து சுமார் 12 வாட். குமிழ் மூன்றுதான்: இரண்டு வால்யூம், ஒரு டோன்.

குமிழ் குறைவு, விலை அதிகம். அதனாலேயே வாங்கிய கையோடு வால்வு மாற்றலாமா, கண்டன்சர் மாற்றலாமா என்று கிளம்பிவிடுகிறார்கள். (வால்வு ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வால்வு, கிட்டார்க்காரர்களுக்கு டியூப். பொருள் ஒன்றுதான்.) சால்டரிங் அயர்னைத் தொடும் முன் செலவில்லாமல் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் எந்த ஓட்டையில் ஜாக்கைச் செருகுகிறீர்கள் என்று பாருங்கள். ஆம்பில் இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இன்புட். 1இல் செருகினால் கிட்டார் பார்ப்பது 1 மெகா ஓம் சுமை (ஓம் எண் பெரிதானால் சுமை லேசு), சிக்னல் முழுதாக உள்ளே போகும். 2இல் செருகினால் இரண்டு 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சிக்னலைப் பாதியாகப் பிரித்துவிடும். சுமையும் 136 கிலோ ஓமாக இறங்கிவிடும். சிங்கிள் காயில் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) மேல் ஸ்தாயி அங்கேயே மழுங்கிப் போகிறது. "புது ஆம்ப் ஏன் இவ்வளவு மந்தமாக இருக்கிறது" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இந்த ஓட்டைதான். சிக்னல் அதிகம் தரும் சூடான ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) அடக்க வேண்டுமானால் மட்டும் 2. கேபிளும் மேல் ஸ்தாயியைத் தின்னும்: மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் கெப்பாசிட்டன்ஸ் சேரும், 6 மீட்டருக்கு 600. வீட்டில் வாசிக்க 3 மீட்டர் போதும்.

அடுத்தது வால்யூம். குமிழில் 12 வரை எண் இருந்தாலும் சத்தத்தின் பெரும்பங்கு பாதிக்குள்ளேயே வந்துவிடும். 4, 5 தாண்டியதும் அறையில் சத்தம் ஏறுவது நின்றுபோய், கரகரப்பும் அமுக்கமும்தான் கூடும். அதனால் சத்தமாக வேண்டுமென்று 10க்குத் திருப்புவதில் பயனில்லை. ஆம்பை 7, 8இல் நிறுத்திவிட்டு, சுத்தமான ஒலிக்குக் கிட்டாரின் வால்யூமை 4, 5க்கு இறக்குங்கள். இந்த வகை ஆம்ப் கேட்டுக்கொள்வது அந்தக் குமிழின் பேச்சைத்தான். கிட்டார் வால்யூமை எப்போதும் 10இல் வைத்து வாசிப்பவருக்கு இது சரியான ஆம்ப் இல்லை. அதைச் சொல்லிவிடுவது நல்லது.

இனி தலைப்பில் சொன்ன குமிழ். வழக்கமான ஆம்பில் சிக்னல் வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையில் நுழைந்து நடுக்காலில் வெளியே வரும். 5இ3இல் இதைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள்: நடுக்காலில் நுழைகிறது, முனையில் வெளியேறுகிறது. இரண்டு சேனலின் முனைகளும் ஒரே புள்ளியில் சேருகின்றன. ஆகவே நீங்கள் வாசிக்காத சேனலின் வால்யூமும் அந்தப் புள்ளியில் சுமையாக உட்கார்ந்திருக்கிறது. அது 0வில் இருக்கும்போது சுமை 1 மெகா ஓம், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஏற்ற ஏற்ற அடுத்த சேனலின் வால்வு நெருங்கி வருகிறது. முழுதாகத் திறந்தால் சுமை சுமார் 20 கிலோ ஓம். சத்தம் வெகுவாக விழும், கரகரப்பு விலகும், விழுந்த பிறகு மிஞ்சும் ஒலியில் மேல் ஸ்தாயி முன்னைவிடத் தெளிவாக நிற்கும்.

செய்து பார்க்கும் முறை: வாசிக்கும் சேனலை 8இல் நிறுத்துங்கள், டோன் 6. மற்றதை 0விலிருந்து ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரே ரிஃப்பை (சின்ன இசைத் துணுக்கை) வாசியுங்கள். கரகரப்பு இளகும் இடமும் திடீரென்று அடங்கும் இடமும் காதுக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஒலி இருக்கும். அதைக் குறித்துவையுங்கள், ஏனென்றால் அரை எண் நகர்ந்தாலும் மாறிவிடும். ராக் பாடகர் நீல் யங் தன் 1959 டீலக்ஸின் குமிழ்களைக் காலால் மிதித்துத் திருப்ப மோட்டார் வைத்த பெட்டியைக் கட்டச் செய்தது ஏன் என்று இதனால்தான் புரிகிறது. ஃபுட்ஸ்விட்சில் சிக்னலை ஏற்றும் ஒரு பூஸ்ட் வைத்தால் கிடைக்காத மாற்றம் இது.

இரண்டு சேனலையும் சேர்த்து வாசிக்க வேண்டுமா? கிட்டார் ஒரு சேனலின் 1இல், அதன் 2இலிருந்து அடுத்த சேனலின் 1க்குச் சின்ன பேட்ச் கேபிள். இரண்டும் ஒரே வால்வின் இரண்டு பாதிகள் என்பதால் ஃபேஸ் (அலைகளின் ஏற்ற இறக்கம்) அடித்துக்கொள்ளாது. ஒலி தடிக்கும், கீழ் ஸ்தாயியும் கூடவே குழையும்.

ஸ்பீக்கர் பற்றிச் சுருக்கமாக: வால்வுகளை மாற்றிக் கிடைக்கும் வித்தியாசம் முழுவதையும்விட ஸ்பீக்கர் மாற்றம் பெரிது. எஃபிஷியன்ஸி 3 டெசிபல் கூடினால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். செலஸ்டியன் புளூ 100 டெசிபல், ஆனால் தாங்குவது 15 வாட். முழுக் கரகரப்பில் 12 வாட் ஆம்ப் அதற்கு மேலும் தள்ளும், ஆகவே ஒற்றை புளூவை 10இல் வைத்து நாள் முழுக்க ஓட்டாதீர்கள். அதே கம்பெனியின் கிரீன்பேக் 25 வாட், 98 டெசிபல். கொஞ்சம் அடக்கம், வீட்டுக்கு அதுவே மேல். ஸ்பீக்கரின் ஓம் ஆம்பின் அவுட்புட்டோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, சாக்கெட்டிலோ சுற்றிலோ பொறி பறந்துவிடும். பின்பக்கம் திறந்த பெட்டி என்பதால் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் கீழ் ஸ்தாயி ஊதிவிடும்.

அடுத்தது கரண்ட். அமெரிக்காவில் கட்டியது 120 வோல்ட்டுக்கு மட்டும் இருக்கலாம். அப்படியானால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், எர்த் உள்ள மூணு பின் கட்டாயம். பழைய வயரிங்கில் எர்த் சுவிட்சோடு கூடிய கண்டன்சர் ஒன்று மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு (உலோகச் சட்டத்துக்கு) போகும். அதைக் கழற்றி எறியச் சொல்லுங்கள். 230 வோல்ட் டேப் (டிரான்ஸ்ஃபார்மரில் அந்த வோல்டேஜுக்கான இணைப்பு) உள்ள ஆம்பிலும் லைன் 245 வந்தால் உள்ளே எல்லாமே ஆறரை சதவீதம் ஏறும். வால்வின் ஃபிலமெண்ட் வோல்டேஜ் 6.3 வர வேண்டும்; 5.7க்கும் 6.9க்கும் இடையே இருந்தால் சரி. தாண்டினால் ஸ்டெபிலைசர் போடுங்கள், இல்லையென்றால் 240 டேப்புக்கு மாற்றுங்கள். வால்வு அடிக்கடி போகிறது என்று புலம்புபவர்கள் முதலில் அளக்க வேண்டியது இதைத்தான்.

இனிமேல் சொல்வது மூடியைத் திறந்து செய்யும் வேலை. உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் தங்கியிருக்கும். ஆளைக் கொல்லும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் மாட்டி ஒவ்வொரு ஃபில்ட்டர் கண்டன்சரையும் வடித்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததைப் பார்த்த பின்பே கை வையுங்கள். பழக்கமில்லாதவர் வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய எண்கள் இவை.

6வி6 சாக்கெட்டின் 8ஆம் காலில் (எலெக்ட்ரான் கிளம்பும் கேத்தோடு) சேசிஸுக்கு எதிராக டிசி: 19, 20 வோல்ட் சுற்றி. இரண்டு வால்வுக்கும் பொதுவான கேத்தோடு ரெசிஸ்டர் 250 ஓம். 20ஐ 250ஆல் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர், வால்வுக்கு 40. ஸ்கிரீன் என்ற உள்வலைக்குப் போகும் 5 சதவீதத்தைக் கழித்தால், எலெக்ட்ரான் போய்ச் சேரும் பிளேட்டில் 38. 3ஆம் காலில் (பிளேட்) 350 வோல்ட் என்றால், 20 கழித்து 330. பெருக்கினால் பிளேட் சூடாகக் கழிப்பது பன்னிரண்டரை வாட். பழைய டேட்டா ஷீட்டில் 6வி6இன் எல்லை 12 வாட், பிந்தையவற்றில் 14. கேத்தோடு பயஸ் ஆம்ப் (கேத்தோடு ரெசிஸ்டரே வால்வின் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது) இப்படி எல்லையோரம் ஓடத்தான் கட்டப்பட்டது. எல்லையின் 70 சதவீதத்தில்தான் வால்வை ஓட்ட வேண்டும் என்ற விதியை இதில் பொருத்திப் பார்க்காதீர்கள். 14ஐத் தாண்டினால், பிளேட் சிவக்கத் தொடங்கினால், 250ஐ 270 அல்லது 300 ஓமாக்குங்கள், 5 வாட்டுக்குக் குறையாமல். 5ஆம் காலில் (சிக்னல் நுழையும் கிரிட்) 0 வோல்ட் இருக்க வேண்டும். அங்கே சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் பாசிட்டிவ் வந்தாலும் முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. ஒலி களைத்துப் போயிருப்பதற்கும் வால்வு சுடுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ரெக்டிஃபயரில் 5ஒய்3க்குப் பதில் ஜிஇசட்34 போட்டால் "பஞ்ச்" கூடும் என்பார்கள். கூடுவது வோல்டேஜ். 5ஒய்3 சுமார் 50 வோல்ட்டைத் தானே விழுங்குகிறது, ஜிஇசட்34 அதில் சிறு பங்குதான். மேலே போட்ட கணக்கில் அந்த வோல்டேஜைச் சேர்த்துப் பாருங்கள், 6வி6 என்னாகும் என்று தெரியும். அழுத்தி வாசித்தால் அமுங்கி மீளும் அந்தக் குணமும் போய்விடும். முதல் ஃபில்ட்டர் கண்டன்சர் 16 மைக்ரோஃபாரட். 22 வரை பரவாயில்லை, 47 ஏற்றினால் 5ஒய்3 ஆயுள் குறையும்.

முன்வரிசையில் 12ஏஒய்7இன் பெருக்கம் 44, 12ஏஎக்ஸ்7 என்றால் 100. மாற்றினால் வால்யூம் 3லேயே ஒலி கரகரக்கத் தொடங்கும், குமிழின் மீதிப் பயணம் வீண். நடுவில் நிற்க வேண்டுமானால் 70 உள்ள 5751. மணி அடிப்பதுபோல் ஒலி வந்தால் பென்சில் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று கேட்பதுதான் குற்றவாளி.

கடைசியாக, இந்தச் சர்க்யூட்டின் உண்மையான குறை: ஹம்பக்கரில் கீழ்க்கம்பிகள் பொதபொதவென்று சிதறுவது. 6வி6 கிரிட்டுக்குப் போகும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களும் 220 கிலோ ஓமும் சேர்ந்து, ஓவர்லோட் ஆனால் மீள 22 மில்லி செகண்ட் எடுக்கின்றன. 0.022 போட்டால் 5க்குக் கீழ் வந்துவிடும். அதற்கும் முன்னால், முதல் வால்வின் கேத்தோடில் உள்ள 25 மைக்ரோஃபாரட்டை 4.7 ஆக்கிப் பாருங்கள். 820 ஓம் ரெசிஸ்டரோடு அதன் கீழ் ஸ்தாயி வெட்டு 8 ஹெர்ட்ஸிலிருந்து 41க்கு ஏறும், ஒரே ஒரு கண்டன்சர்தான். 2.2 என்றால் 88 ஹெர்ட்ஸ், சிங்கிள் காயில் உள்ள டெலிகாஸ்டர் கிட்டாருக்கு அது மெலிந்துவிடும். பழைய கண்டன்சர்களைக் கவரில் போட்டு மதிப்பை எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். சிங்கிள் காயிலுக்குத் திரும்பும்போது 25ஐத் தேடுவீர்கள்.