பார்சல் இல்லண்ணே, இங்கதான்

ஏப்ரல் 11, 2024, வியாழன்

மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்ணக் கடைசி நாள். போர்ட்டல் மதியத்திலிருந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரம்ஜானுக்கு, கூட வேலை பார்க்கும் தங்கச்சி வீட்டிலிருந்து தூக்குவாளியில் பிரியாணி வந்தது. அதைப் பற்றி ஆரம்பித்தால் இன்றைய பக்கம் அதோடு தீர்ந்துவிடும், விட்டுவிடுகிறேன். ஆபீஸை விட்டு இறங்கும்போது பத்தே கால்.

தெருமுனைப் பரோட்டாக் கடை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, மாஸ்டர் கல்லிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். "பார்சலாக்கா?"

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறார்கள். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொம்பளை பரோட்டாக் கடை வாசலில் நின்றால் வீட்டில் வேறு யாருக்கோ பசிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவளுக்கே பசிக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை.

"பார்சல் இல்லண்ணே, இங்கதான்."

ஒரு பையன் ஓடி வந்து ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தான். இலை விழுந்தது. நான் பார்சல் வாங்காததற்குக் காரணம் வீராப்பு மட்டும் இல்லை. மாஸ்டர் கல்லிலிருந்து நாலைந்து பரோட்டாவை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் டப் டப்பென்று அடிக்கிறாரே, அந்த அடியில்தான் அடுக்கு அடுக்காகப் பிரிகிறது. பிரிந்த இடம் வழியாக ஆவி போகவேண்டும். போகவிடாமல் இலையில் சுற்றி, பேப்பரில் மடித்து, நூலைக் கட்டினால், ஆவி உள்ளேயே நின்று பரோட்டா ஊறிப்போகும். வில்லாபுரத்தில் வீட்டுக்குப் போய்ப் பிரிக்கும்போது ஈரத்துண்டு மாதிரி வரும்.

"பிச்சுப் போடவாக்கா?" "வேணாம், நானே பிச்சுக்கிறேன்." இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட். சால்னா மூன்று தடவை.

ஏப்ரல் 12, வெள்ளி

போர்ட்டல் படுத்த பாட்டுக்கு ஒரு நாள் நீட்டித்தார்கள். முடித்தாயிற்று.

காலையில் மீனாட்சி கோயிலில் சித்திரைத் திருவிழாக் கொடி ஏறியது. அம்மா சாயங்காலமே கறிச்சட்டியைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டாள். "கொடியேறிருச்சு. இனி வீட்டுல கவுச்சி கிடையாது." வீட்டில்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொல்லுமளவுக்குத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒண்ணு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஏசி ஓட்டல். பேர் வேண்டாம். மெனு கார்டு கிடையாது, க்யூஆர் கோடு. அம்மா அந்தக் கட்டம் போட்ட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல என்னடி எழுதிருக்கு" என்றாள். சாம்பாரில் வெல்லம். வடைக்குச் சட்னி கேட்டால் சாஸ் கிண்ணம் அளவில் வந்தது.

பில்லைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் ஆபீஸ்காரி முழித்துக்கொண்டாள். தலைப்பில் இது காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடை, வரி வசூலிக்கத் தகுதியில்லை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அடியில் பார்த்தால் சிஜிஎஸ்டி இரண்டரை, எஸ்ஜிஎஸ்டி இரண்டரை! அந்தத் திட்டத்துக்குப் போனவர்கள் விற்றுமுதலில் 5 சதவீதத்தைத் தங்கள் கைக்காசிலிருந்து கட்டவேண்டும், சாப்பிட்டவனிடம் வரி என்று ஒரு ரூபாய் தனியாக வாங்கக்கூடாது.

மேனேஜர், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது மேடம்" என்றார். "தலைப்பும் அதே சிஸ்டத்துலதானே சார் வருது" என்றேன். பேனாவால் அடித்து வரியைக் கழித்தார். அம்மா வெளியே வந்து, "சோறு திங்க வந்த எடத்துலயும் கணக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியபிறகு, "எவ்வளவு கழிச்சான்?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வெயில். மோர்ச்சாதம். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

நாளை ஓட்டுப்பதிவு. அதை முன்னிட்டு நேற்றிலிருந்து மூன்று நாள் டாஸ்மாக் மூடல். இதனால் யாருக்கு லாபமோ நஷ்டமோ, எனக்கு லாபம். வழக்கமாகப் பத்து மணிக்குமேல் பரோட்டாக் கடை உள்பெஞ்சு 'அவங்களுக்கு'. சுக்கா ஒரு பிளேட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உலக நியாயம் பேசுவார்கள். இன்று உள்ளே ஒரு குடும்பம், மருந்துக்கடைத் தம்பிகள் இரண்டு பேர், அப்புறம் நான். ஃபேனுக்கு நேர்கீழே இடம். சிம்மாசனம்தான்.

"பார்ச..." என்று ஆரம்பித்த மாஸ்டர் பாதியில் நிறுத்தி, "இங்கதானக்கா" என்று அவரே முடித்தார். ஒரு வாரத்தில் இவ்வளவு முன்னேற்றம்.

முட்டை வீச்சு சொன்னேன். உருண்டையை எண்ணெய்க்கல்லில் தட்டி, இரண்டு கையாலும் வீசி வீசி, அந்தப் பக்கம் நிற்பவன் சட்டை நிறம் தெரிகிற அளவுக்கு விரித்துவிட்டார். கல்லில் போட்டு முட்டையை ஊற்றி, வெங்காயம் தூவி, நாலு பக்கமும் மடித்தார். ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு.

இப்போது சங்கடமான கேள்வி. கொடி ஏறியிருக்கிறது. முட்டை கவுச்சியில் சேருமா சேராதா என்பது ஆளாளுக்கு மாறும், என் கட்சியில் சேராது. ஆனால் சால்னா? எலும்பு வெந்த சாறு. தம்பி வாளியோடு வந்து நின்றான். "எலும்பு வராம ஊத்து தம்பி" என்றேன். அவன் கரண்டியை ஒரு ஓரமாகச் சாய்த்து, மேல்தெளிவாக எடுத்து ஊற்றினான். மீனாட்சி பார்த்துக்கொள்வாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு விளக்குத்தூண். 1977இலிருந்து நடக்கும் அந்த ஜிகர்தண்டாக் கடைதான். பதினோரு மணிக்கே கூட்டம், முக்கால்வாசிப் பேர் விரலில் மை.

டம்ளரில் அடியில் கடல்பாசி, மேலே நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், அதற்குமேல் ஐஸ்கிரீம். பாதாம் பிசின் போடுகிற கடைகளும் உண்டு, அது ஊறி உப்பிக் கொழகொழவென்று இறங்கும். எனக்குக் கடல்பாசிதான். சின்னச் சின்னதாக வழுக்கி, பல்லில் படலாமா வேண்டாமா என்று போகிற அந்த நடை பிசினுக்கு வராது. இதை வைத்துத் தோழியோடு சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒருத்தர் பாட்டிலில் பார்சல் வாங்கிக்கொண்டிருந்தார். வேண்டாமென்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருக்கல்யாணம். ஊருக்கே வீட்டுக் கல்யாணம். அம்மா புதுத்தாலிக்கயிறு வைத்துக்கொண்டு காத்திருந்த காலமெல்லாம் அப்பாவோடு போயிற்று. இப்போது டிவியில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

விருந்து சேதுபதி பள்ளியில். கல்யாணத்துக்கு வந்தால் சாப்பிடாமல் போகலாமா, மொய் எழுதாமல்தான் போகலாமா? பணம் எழுதிவிட்டு வரிசையில் நின்றேன். வெயிலில் ஒரு மணி நேரம். முன்னால் நின்ற ஆத்தா உசிலம்பட்டிப் பக்கம். பேத்திக்கு வரன் அமையவேண்டும் என்று வந்தாராம். என் கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து நுங்கு ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார்.

சாம்பார் சாதமும் தயிர் சாதமும் தட்டில் விழுந்தன. ஆயிரக்கணக்கான பேருக்கு ஆக்கிய சோற்றுக்கென்று ஒரு வாசனை உண்டு. அண்டாவின் அடியும் விறகுப் புகையும் கலந்தது, எந்த ஓட்டலிலும் வராது. இரண்டாவது தடவை போய் நின்றேன். பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ள வீடா, பொண்ணு வீடா?" என்றார். "பொண்ணு வீடு" என்றேன். கரண்டி நிறையப் போட்டார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அம்மா இந்த வருஷம் வருவேன் என்று அடம். நேற்று ராத்திரியே தல்லாகுளம் பக்கம் போய்விட்டோம். வழியெல்லாம் செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலை கட்டி, சூடம் ஏற்றிக்கொண்டு ஜனம். இரண்டு மணிக்கு அம்மாவுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. ஒரு பருத்திப்பால் வண்டி. பெரிய பானை, அடியில் கனல், மூடியைத் திறந்தால் சுக்கும் ஏலக்காயும் கருப்பட்டியும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

அம்மா தெருவில் நின்றுகொண்டு எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டு தின்றால் ஒட்டாது என்பது அவள் சட்டம். "வீட்ல போயி பருத்திக்கொட்டை ஊறவச்சு ஆட்டிக்கலாம்" என்றாள். "ராத்திரி ரெண்டு மணிக்காம்மா?" டம்ளரைக் கையில் திணித்தேன். முந்தானையால் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள். பாதியில், "அரிசிமாவு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள். முழுசையும் குடித்துவிட்டுத்தான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

விடியும்போது ஆற்றில் அழகர். எங்களுக்குத் தெரிந்தது குதிரையின் காதும் குடையும்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அழகர் மலைக்குத் திரும்பியாயிற்று. காலையில் பரணிலிருந்து கறிச்சட்டி இறங்கும் சத்தம் கேட்டது. இறக்கியவள் அடுப்பில் வைக்கவில்லை. "முட்டி வலிக்குது. நீ சிம்மக்கல்லுல கறிதோசை கறிதோசைங்கிறியே, அது ஒண்ணு வாங்கிட்டு வா."

"வாம்மா, ஸ்கூட்டியிலே கூட்டிட்டுப் போறேன். அங்கயே சூடா சாப்பிடலாம்."

"நான் அங்கெல்லாம் வரல. பார்சல் வாங்கு."

ராத்திரி சிம்மக்கல் கோனார் கடை. முதலில் எனக்கு ஒன்று, இலையில். மாவைத் தடிமனாக வார்த்து, அது வேகுமுன்னே அடித்த முட்டையை மேலே ஊற்றி, அதற்கும்மேல் கொத்துக்கறியைக் கரண்டியால் ஓரம்வரை தேய்க்கிறார்கள். திருப்பிப் போட்டு அழுத்தும்போது கறியின் கொழுப்பு கல்லில் பட்டுச் சடசடவென்று பொரிகிறது. அந்தப் பக்கம்தான் விஷயமே. கறி கல்லைத் தொட்ட இடங்கள் கறுத்து மொறுமொறுப்பாகிவிடும், அதை முதலில் பிய்த்துத் தின்றுவிடவேண்டும். இரண்டு நிமிஷம் விட்டால் தோசையின் ஈரம் ஏறிவிடும்.

தின்று முடித்துக் கைகழுவிவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னேன். "பார்சல் ஒண்ணு."

சிம்மக்கல்லிலிருந்து வில்லாபுரம். ஒரு சிக்னலில்கூட ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இலை வியர்த்திருந்தது. அந்த மொறுமொறு ஓரம் துவண்டு கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா ஒரு துண்டு பிய்த்தாள். இன்னொரு துண்டு. பேசவே இல்லை. கடைசி விள்ளலால் இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லாத்தானடி இருக்கு. இதுக்கா இவ்வளவு நாளா பார்சல் ஆகாது ஆகாதுன்ன?"