தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒரு அப்பீல்

தம்பிக்கு ஐந்து வருடம் கடுங்காவல் என்று செஷன்ஸ் கோர்ட்டில் வாசித்த அன்று, எப்படியும் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருந்தோம். மூன்று வருடத்தைத் தாண்டாமல் இருந்திருந்தால் அந்த கோர்ட்டிலேயே தண்டனையை நிறுத்திவைத்து அப்பீலுக்கு அவகாசம் கேட்டிருக்கலாம். ஐந்து என்பதால் நேராகப் புழல் சிறை. சாப்பாட்டுப் பை பிரிக்காமலே வீடு திரும்பியது.

பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு முற்றி, இரும்புப் பைப்பால் அடித்ததில் அவர் கை எலும்பு முறிந்துவிட்டது. இந்திய தண்டனைச் சட்டம் 307-இல், அதாவது கொலை முயற்சி என்று குற்றப்பத்திரிகை; 326-இல், அதாவது ஆயுதத்தால் கொடுங்காயம் என்று தீர்ப்பு.

ஹைகோர்ட்டுக்குப் போக 60 நாள். வக்கீலை நியமிக்கும் வக்காலத்து சிறைக்குப் போய் தம்பி கையெழுத்தும் ஜெயில் சீலுமாகத் திரும்பி வந்தது. அம்மாவுக்கு ஒரே பயம்: "அப்பீல் போட்டா தண்டனையைக் கூட்டிட மாட்டாங்களா?" நாம் போட்ட அப்பீலில் கூட்ட முடியாதாம், அதற்கு அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போக வேண்டும் என்றார் வக்கீல். அவர் கேட்ட கேள்விதான் பெரிய தலைவலி. "அடிக்கவே இல்லன்னு வாதாடணுமா, தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்லணுமா?" நேரில் பார்த்த சாட்சி மூன்று பேர், டாக்டர் சாட்சி, எக்ஸ்ரே. எனக்கு விடை தெரிந்துவிட்டது. தம்பிதான் பிடிகொடுக்கவில்லை. மனு போட்டு சிறையில் அவனைப் பார்க்கப் போனபோதெல்லாம், "அப்போ நான்தான் செஞ்சேன்னு நானே ஒத்துக்கணுமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாவது தடவை வேறு கேட்டான். "அண்ணா, அவருக்கு இப்போ கை மடக்க வருதா?" அதோடு சரி, நான் மேற்கொண்டு பேசவில்லை.

நான்கு மாதம் கழித்து ஹைகோர்ட் தண்டனையை நிறுத்திவைத்தது. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட, வெளியே வந்தான்.

இறுதி விசாரணைக்கு நான் ஒரு கட்டுக் காகிதம் சேர்த்திருந்தேன். அம்மாவின் டயாலிசிஸ் சீட்டுகள், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, முன்வழக்கு எதுவும் இல்லை என்பதற்கான விவரம். இதைப் பார்த்தால் நீதிபதி இரங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "காயம்பட்டவருக்கு என்ன கொடுத்தீங்க?" என்றார். எங்கள் வக்கீல் பேசாமல் நின்றார். கொடுத்தது ஒன்றும் இல்லையே! அந்த வீட்டு வாசலைக்கூட நாங்கள் மிதிக்கவில்லை. வழக்கு நடக்கும்போது போனால் சாட்சியைக் கலைப்பதாக ஆகிவிடும் என்று பயம்; தீர்ப்புக்குப் பிறகு வெட்கம்.

இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. மனைவியின் நகையை அடகு வைத்து, கீழ்க் கோர்ட்டில் ஒரு லட்சம் கட்டினோம். குற்றம் உறுதி, தண்டனை ஐந்திலிருந்து இரண்டு, கட்டிய பணம் காயம்பட்டவருக்கு இழப்பீடு என்று தீர்ப்பானது. வழக்கின் தொடக்கத்தில் ரிமாண்டில் சிறையில் இருந்த இரண்டு மாதத்தையும் இந்த நான்கு மாதத்தையும் கழித்தால் மீதி ஒன்றரை வருடம்.

சரணடையப் போன அன்று சாப்பாடு கட்டவில்லை. அவனே வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.