கியூ6600ஆ, இ8400ஆ?

பழைய கணினியைக் கைவிட மனமில்லாதவர்களுக்குள் இன்னும் ஓயாத சண்டை இது. இன்டெல் கோர் 2 குவாட் கியூ6600 பிராசசர் வந்தது 2007 ஜனவரியில்: நான்கு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் நான்கு மூளைகள் மாதிரி), 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம். கோர் 2 டுவோ இ8400 அடுத்த ஜனவரியில் வந்தது, இரண்டே கோர், ஆனால் வேகம் 3 கிகாஹெர்ட்ஸ்.

அன்றைய கேம்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோரோடு நின்றுவிட்டதால் அப்போது இ8400 முந்தியது, போதாக்குறைக்கு இன்னும் நுண்ணிய 45 நானோமீட்டர் தயாரிப்பு நுட்பம் என்பதால் சூடும் குறைவு, 65 வாட்தான். கியூ6600ஐப் பிரித்துப் பார்த்தால் இரண்டு டூயல் கோர் சில்லுகளை ஒரே பேக்கேஜில் அடைத்த கதைதான், இந்தச் சில்லில் இருக்கிற கோர் அந்தச் சில்லோடு பேச வெளியே எஃப்எஸ்பி (பிராசசரை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இருந்தாலும் வீடியோ என்கோடிங், ஏகப்பட்ட டேப் திறந்த பிரவுசர் என்று வந்துவிட்டால் இ8400க்கு மூச்சு வாங்கும்.

என் ஓட்டு கியூ6600க்குத்தான், கரண்ட் பில்லைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

அப்புறம், விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இரண்டிலுமே பூட் ஆகாது, அதற்கு வேண்டிய பாப்சிஎன்டி (POPCNT) என்ற பிராசசர் கட்டளை இரண்டுக்கும் தெரியாது. பேசாமல் லினக்ஸ் போட்டு, ஒரு எஸ்எஸ்டி மாட்டிவிடுங்கள்.