ரேஷன் கடைக்குக் கட்டடம் கேட்டு அலைந்த 14 மாதம்

போன வாரம் எங்கள் ஊர் ரேஷன் கடைக்கு நிர்வாக அனுமதி வந்துவிட்டது. முதல் மனு கொடுத்து 14 மாதம் ஆகிறது. அதில் பாதி வீணாகப் போன காலம்.

கடை இப்போது வாடகை ஓட்டு வீட்டில் நடக்கிறது. மழை பெய்தால் அரிசி மூட்டையின் அடி நனைந்து கட்டி தட்டிவிடும். ரேகை வைக்கும் மெஷினைக் கடைக்காரம்மா முந்தானையால் மூடிக்கொண்டு நிற்பார்.

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பதில் சிரமமே இல்லை. வாங்கிப் படித்துவிட்டு, "செஞ்சுடலாம்" என்றார். பணமே வந்துவிட்டதாக நினைத்தோம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்றாலும் ஒரு ரூபாய்கூட எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் பரிந்துரை செய்வார். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். ஆட்சியர்தான் அனுமதி தர வேண்டும். 234 தொகுதிக்கும் இதுதான் முறை.

மூன்று மாதம் கழித்து அலுவலகம் போனால், "இடம் சரியில்ல" என்றார் மேசையில் இருந்தவர். என்ன சரியில்லை? பதில் இல்லை. மூன்று நடை இப்படியே போனது. நான்காவது தடவை வேறொரு அம்மா கோப்பைப் பிரித்துக் காட்டினார். நாங்கள் சொன்ன இடம் அ-பதிவேட்டில், அதாவது எந்த நிலம் என்ன வகை என்று வருவாய்த் துறை எழுதி வைக்கும் பதிவேட்டில், வாய்க்கால் புறம்போக்கு! நான் பிறந்ததிலிருந்து அதில் தண்ணீர் ஓடியதில்லை, பசங்க கிரிக்கெட் ஆடுகிற இடம். ஆனாலும் நீர்நிலையில் கட்டக் கூடாது. விதி நியாயமானதுதான். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்பதுதான் இன்னமும் ஆறவில்லை.

மனு எழுதும் முன்பே அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண் (சர்வே நம்பர்) போட்டு அ-பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். யாராவது தன் இடத்தைத் தருகிறேன் என்றால் வாய்ச்சொல் போதாது, முறைப்படி தானப் பத்திரம் ஆக வேண்டும். அப்புறம், பரிந்துரைக் கடிதத்தின் நகலை எண், தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "கடிதமே வரலையே" என்று எங்களிடம் சொன்னபோது அந்த நகல்தான் காப்பாற்றியது.

சாவடிக்குப் பக்கத்தில் வேறு இடம் பார்த்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு, எம்.எல்.ஏ.விடம் மறுபடி கடிதம் வாங்கினோம். பிறகு தடங்கல் இல்லை.

நேற்று பொறியாளர் இடம் பார்க்க வந்தார். கடைக்காரம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து, "தரை எவ்வளவு உசரம் சார் வரும்? தண்ணி உள்ள வராதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். பொறியாளர் கையை முழங்கால்வரை வைத்துக் காட்டினார்.